டிரங்க் கால் போட்டுப் புத்தகம் தேடிய ஷகிலா

ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனாளாம். யார் பார்த்தது? டெலிபோன் ஆபீஸ் ராஜப்பனோடு மொரப்பூரில் ரயிலேறினாளாம். எந்த ராஜப்பன்? அந்த மனுஷன் இன்றைக்கும் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "எந்த ஊருங்க, நம்பர் சொல்லுங்க" என்று அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான். கூட்டிக்கொண்டு ஓடியவன் ஊரிலேயே இருக்கிறான் என்றால் ஓடிப்போனவள் யாரோடு போனாள், அவன் சட்டையோடா? இதைக் கேட்டுப் பாருங்கள், எங்கள் தெருக் கண்ணம்மாளிடம். "ஒண்ணுமே இல்லாமயா நாலு பேர் பேசுவாங்க?" என்பாள். அந்த நாலு பேரில் மூன்று பேர் அவளேதான்.

பேசட்டும். ஆனால் நடந்ததை முழுசாகக் கேட்டுக்கொண்டு பேசட்டும்.

ஷகிலா புளி வியாபாரி அப்துல் சுபானின் மூத்த மகள். தர்மபுரியில் குழாயடிக்கு எதிர் வீடு. வீட்டுக்குள் உருது, தெருவில் தமிழ், இரண்டிலும் அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். மாசி பங்குனியில் மூட்டை மூட்டையாகப் புளி வந்து இறங்கும். தெருப் பெண்கள் அந்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கொட்டை தட்டுவார்கள். கண்ணம்மாளும் அங்கே கூலிக்குத் தட்டியவள்தான், அதை மட்டும் அவள் எங்கேயும் சொல்லமாட்டாள். அவர்களுக்கு நடுவில் தானும் கொட்டை தட்டிக்கொண்டே படித்தவள் ஷகிலா. மெட்ராசில் அம்மா ரோஷன் பீயின் அக்கா வீட்டில் தங்கி, நூலகத்துக்கென்றே இருக்கிற படிப்பைப் படித்து முடித்தாள். திரும்பி வந்ததும் சேலம் ரோட்டில் பல்கலைக்கழகம் வைத்திருந்த முதுநிலை மையத்து நூலகத்தில் வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான். இருந்தாலும் காலையில் குடையை எடுத்துக்கொண்டு அவள் நடந்து போகிற நடை தற்காலிகமாக இருக்காது.

எண்பத்தேழாம் வருஷம் அந்த நூலகத்துக்கு ஒரு மிஷின் வந்தது. டிவிப் பெட்டி மாதிரி ஒரு பெட்டி, அதன் முன்னால் டைப் அடிக்கிற கட்டைகள், பக்கத்தில் இரண்டு ரப்பர் குழி வைத்த ஒரு தட்டு. டெலிபோன் ஆபீசில் சொல்லி, வெளியூருக்குப் போடுகிற டிரங்க் கால் போட்டு மெட்ராசைப் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கமிருந்து விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். வந்ததும் போன் ரிசீவரை அந்த ரப்பர் குழிகளுக்குள் அழுத்திப் படுக்க வைக்க வேண்டும். இந்த மிஷின் அந்த மிஷினோடு போன் வழியாகவே பேசும். நமக்கு என்ன புத்தகம், எதைப் பற்றிய கட்டுரை வேண்டும் என்று கட்டைகளில் அடித்தால், அது எந்த ஊர் நூலகத்தில் இருக்கிறது என்று பெட்டியில் பச்சை எழுத்தில் வந்து நிற்கும். மெட்ராஸ் மிஷின் முதல் வாசல் மாதிரி. அதற்குள் நுழைந்துவிட்டால் அது பெங்களூருக்கும் கூட்டிப்போகும், டெல்லிக்கும் கூட்டிப்போகும். முன்பெல்லாம் ஒரு புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே பிள்ளைகள் பஸ் ஏறி ஊர் ஊராகப் போவார்கள். போய் நின்ற இடத்தில் இல்லை என்பார்கள்.

ஒரு வருஷம் சோதனைக்காகத்தான் மிஷினைக் கொடுத்திருந்தார்கள். நன்றாக நடந்தால் லைனும் நிரந்தரம், மிஷினைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கும் நிரந்தர வேலை. அந்த ஆள் ஷகிலா. மெட்ராஸ் போய் அதற்கென்று பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவள் அவள் ஒருத்திதான். தலைமை நூலகர் தீர்த்தகிரி மிஷின் வந்த அன்று பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார். அதோடு அதன் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். தொட்டால் கரண்டு அடிக்கும் என்று பயம். அதை வெளியில் சொல்ல அதைவிடப் பயம்.

முதல் முதலாகத் தேடச் சொல்லி வந்து நின்றவள் காசியம்மாள். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்துப் பெண், வேதியியல் ஆராய்ச்சி. அவள் ஊரில் பிள்ளைகள் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும். கிணற்றுத் தண்ணீர் அப்படி, பல்லெல்லாம் காவி பிடித்துப்போகும், வயசானால் முதுகு வளைந்துபோகும். அந்தத் தண்ணீரிலிருந்து அந்தக் கெட்ட உப்பை எப்படி எடுப்பது என்று வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா என்பதுதான் அவள் கேள்வி. கேட்டதும் ஷகிலாவுக்குக் கை பரபரத்தது. "உக்காரு காசி. இதுக்காகத்தானே இந்த மிஷினே" என்றாள்.

டிரங்க் கால் கிடைத்தது. விசில் வந்தது. ரிசீவரைப் படுக்க வைத்து, வெளிச்சத்தம் புகாமல் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள் ஷகிலா. ரோட்டில் லாரி ஹாரன் அடித்தால்கூட எழுத்து கலைந்துபோகும், அதனால் ஜன்னலையும் சாத்தினார்கள். பச்சை எழுத்து ஒன்றொன்றாக வர ஆரம்பித்தது. முதல் கட்டுரையின் தலைப்பு வந்தது. எழுதினவர் பேர் வந்தது. எந்த நூலகம் என்று வரப்போகிற நேரத்தில் எழுத்தெல்லாம் கோணல் மாணலாக ஓடி, பெட்டி செத்துப்போனது.

டிரங்க் கால் பேசினவர்களுக்கு இது தெரியும். மூன்று நிமிஷம் ஆனால் ஆபரேட்டர் நடுவில் வருவான். "மூணு நிமிஷம் ஆச்சுங்க, நீட்டிக்கட்டுங்களா?" என்று கேட்பான். அன்றைக்கும் ராஜப்பன் அப்படித்தான் வந்திருக்கிறான். பேசுகிற மனுஷர் யாரையும் காணோம். கீச்சு கீச்சு என்று சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. நல்ல மனுஷன் இல்லையா, லைன் கெட்டுவிட்டது என்று நினைத்து, அதைத் துண்டித்து, லைன்மேனுக்குச் சொல்லிவிட்டான். அந்த லைன்மேன் தொப்பூர் வரைக்கும் கம்பம் கம்பமாக ஏறிப் பார்த்துவிட்டு, "கம்பியில ஒரு கோளாறும் இல்ல, பல்லிதான் பூந்திருக்கும்" என்று எழுதிக் கொடுத்தான். அடுத்த தரமும் இதேதான். அதற்கடுத்த தரமும் இதேதான். காசியம்மாளின் கேள்வி பாதியிலேயே நின்றது.

ஆபரேட்டர் நடுவில் வருவதால்தான் இப்படி ஆகிறது என்று ஷகிலா தீர்த்தகிரியிடம் போய்ச் சொன்னாள். அவர் சொன்னதை அப்படியே கேளுங்கள். இதில்தான் எல்லாம் இருக்கிறது.

"நீயே நேர்ல போயி சொல்லிட்டு வாம்மா. நான் போனா மேலதிகாரி, கீழதிகாரின்னு இழுத்தடிப்பாங்க. பொண்ணு நீ போயி கேட்டா செஞ்சு குடுத்துடுவாங்க."

காசியம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்தது.

ஷகிலா டெலிபோன் ஆபீசுக்குப் போனாள். முன்பக்கத்துக் கவுண்டரில் கால் பதிவு செய்கிறவன் வேறு, உள்ளே உட்கார்ந்து லைன் கொடுக்கிறவன் வேறு. பதிவு செய்கிறவனிடம் சொன்னால் அது உள்ளே போய்ச் சேராது. உள்ளே இருக்கிறவனைப் பார்க்கப் பின்பக்கத்துக் கதவுதான் வழி. அந்தக் கதவுக்கு வெளியே நின்று அவள் சொன்னதைக் கேட்டு ராஜப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான்.

"என்னாம்மா சொல்றே? மிஷினும் மிஷினும் பேசிக்குதா?"

"ஆமாண்ணா."

"அதுங்களுக்குள்ள என்னாம்மா பேச்சு?"

"புஸ்தகம் எங்க இருக்குன்னு கேக்கும்ணா. அது பதில் சொல்லும்."

"புஸ்தகம் கேக்கவா இந்தக் கத்து கத்துது? நான் யாரோ உசுருக்குப் போராடறாங்கன்னு நெனைச்சேன்." சிரித்தான். அவளும் சிரித்தாள். "சரி, நான் நடுவுல வரல. ஆனா எனக்கு ஷிப்டு மாறும். இன்னைக்கு நான், நாளைக்கு வேற ஆளு. நீ கால் போடற அன்னிக்கு ஒரு எட்டு வந்து, உக்காந்திருக்கறவங்ககிட்ட சொல்லிட்டுப் போயிடு."

அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த ரகசியம். செவ்வாயும் வெள்ளியும் தேடுகிற நாள். அந்த நாட்களில் ஷகிலா நூலகத்துக்குப் போகிற வழியில் அந்தப் பின்கதவில் நின்று சொல்லிவிட்டுப் போவாள். மிஷினும் ஒழுங்காகப் பேசியது. காசியம்மாளுக்கு மட்டும் இல்லை, ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மெட்ராஸ் பக்கத்தில் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்ததும் ஒரு அம்மா. லைன் சேர்ந்ததும் அந்த அம்மா அந்தப் பக்கமிருந்து வணக்கம் சொல்லி அடிப்பாள், ஷகிலா இந்தப் பக்கமிருந்து பதில் அடிப்பாள். முகம் பார்க்காமலே இரண்டு பேரும் சிநேகிதிகள் ஆனார்கள்.

பெங்களூரில் இருக்கிற மகனோடு பேச ஒரு நாள் டெலிபோன் ஆபீசுக்கு வந்தாள் கண்ணம்மாள். கால் கிடைக்கிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு, பின்கதவில் நின்று ஷகிலா சிரிப்பது தெரிந்தது. ஒரு நாள் பார்த்தாள். சும்மா இருக்க முடியுமா? அடுத்த செவ்வாய்க்கிழமை மகனிடம் பேச எதுவும் இல்லாமலே வந்து உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமையும் வந்தாள். பேசிய பேச்சு காதில் விழாத தூரம், ஆனால் சிரிப்பைப் பார்த்துவிட்டாளே, அது போதாதா?

குழாயடியில் குடம் நிறைகிற நேரத்துக்குள் ஒரு பெண்ணின் மானத்தைக் காலி செய்துவிடலாம். செய்தார்கள். "பாய் வூட்டுப் பொண்ணு போன்லயே குடும்பம் நடத்துதாம்" என்றாள் ஒருத்தி. "ஆபரேட்டரு பொண்டாட்டிக்குத் தெரியுமா?" என்றாள் இன்னொருத்தி. தெரியாவிட்டால் தெரியவைக்க வேண்டும் இல்லையா? கண்ணம்மாளே ராஜப்பன் வீடு வரைக்கும் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். முட்டி வலி என்று ரேஷன் கடைக்குப் போகாதவள், இதற்கு மட்டும் நடந்தாள்.

ராஜப்பன் மனைவி மாதம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, ரோஷன் பீயின் வாசலில் நின்றாள். தெருவே வெளியில் வந்துவிட்டது. குழம்பு கருகுகிற வாசனை நாலு வீட்டில் வந்தது, ஒருத்தியும் உள்ளே போகவில்லை.

"எங்கம்மா உன் பொண்ணு?"

ரோஷன் பீ உள்ளே பார்த்துக் கூப்பிடுவதற்குள் ஷகிலா தானாகவே வந்து நின்றாள். "நான்தாங்க. உள்ள வாங்க, சொல்றேன்."

"இங்கயே சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

ஷகிலா சொன்னாள். மிஷின், விசில், மூன்று நிமிஷம், எல்லாம் சொன்னாள். மாதம்மாள் இடுப்பில் வைத்த கையை எடுக்காமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் தெருவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எம்புருஷன் வூட்லயே 'சோறு போடு, பொடி எங்க'ன்னு ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு. அந்த ஆளு காதலிக்கிறாராமில்ல! நானுந்தான் இத்தினி வருசமா காத்துக்கினு கெடக்கறேன்."

ஷகிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரோஷன் பீ டீ போட்டாள். மாதம்மாள் குடித்துவிட்டு, ஒரு பொட்டலம் புளியும் வாங்கிக்கொண்டு போனாள். சண்டை பார்க்க வந்தவர்களுக்கு அவள் செய்த துரோகத்தை அவர்கள் மன்னிக்கவே இல்லை. "அவளையும் மயக்கிட்டா பாத்தியா" என்றாள் கண்ணம்மாள். கட்டின பெண்டாட்டியே அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள், கண்ணம்மாளுக்கு மட்டும் இருந்தது.

மையத்தின் காவல்காரன் கண்ணம்மாளுக்குத் தம்பி முறை. அவன் வழியாக இந்தப் பேச்சு மையத்து இயக்குநரின் அறைக்குள் போனது. ஷகிலாவையும் தீர்த்தகிரியையும் கூப்பிட்டு நிற்கவைத்தார்கள்.

"வாரத்துக்கு ரெண்டு தரம் அந்த ஆபீசுக்கு எதுக்கும்மா போறே?" என்று கேட்டார் இயக்குநர்.

"தீர்த்தகிரி சார்தான் சார் போகச் சொன்னாங்க."

இயக்குநர் தீர்த்தகிரியைப் பார்த்தார். தீர்த்தகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லைனைப் பாக்கச் சொன்னேன் சார். ஆளைப் போயி பாக்கச் சொல்லல."

அந்த ஒரு வாக்கியத்துக்கு அந்த மனுஷன் நாக்கு எப்படிப் புரண்டது! ஷகிலா நேராக அவரிடமே கேட்டாள். "பொண்ணு நீ போயி கேட்டா செஞ்சு குடுப்பாங்கன்னு சொன்னீங்களே சார்? காசியம்மாள் இருந்தாளே, கூப்பிடட்டுங்களா?"

"எதுக்கும்மா அதெல்லாம்" என்றார் தீர்த்தகிரி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

"சரி, இன்னைக்கு நான் அங்க போகல. போகாமயே கால் போடறேன். ரெண்டு பேரும் வந்து பாருங்க."

வந்து பார்த்தார்கள். காசியம்மாளின் கேள்வியைத்தான் அடித்தாள். பச்சை எழுத்து வந்தது. அன்றைக்கு டெலிபோன் ஆபீசில் உட்கார்ந்திருந்தவன் யாரோ புது ஆள். மூன்று நிமிஷம் ஆனதும் நடுவில் வந்தான். எழுத்து கலைந்தது, பெட்டி செத்தது. துண்டுக்கு அடியிலிருந்து "ஹலோ, பேசறீங்களா இல்லீங்களா?" என்று அவன் குரல் மட்டும் சன்னமாகக் கேட்டது.

"ஓ, இதான் விஷயமா?" என்றார் இயக்குநர். அவருக்குப் புரிந்துவிட்டது. நன்றாகவே புரிந்துவிட்டது. அதற்கப்புறம் சொன்னார்: "உன் மேல தப்பில்லம்மா. ஆனா இந்த மையத்துக்குன்னு ஒரு பேர் இருக்கில்ல? நீ கொஞ்ச நாள் பைண்டிங் ரூமைப் பாத்துக்க. மிஷினுக்கு ஒரு பையனைப் போடறேன்."

தப்பு இல்லை என்று தெரிந்துகொண்டு கொடுத்த தண்டனை அது! தெரியாமல் கொடுத்திருந்தாலாவது மனசு ஆறும். ஊரில் பேர் கெட்டுப்போனது ஷகிலாவுக்கு. அவர் காப்பாற்றப் பார்த்தது மையத்தின் பேரை.

மிஷினுக்கு வந்தவன் சென்னப்பன், ஆபீசில் எழுத்தர் வேலை பார்த்த பையன். அவன்மேல் குற்றம் சொல்லக்கூடாது. "அக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்று வந்து நின்றான். ஷகிலாவுக்கு இருந்த கோபத்துக்கு, போடா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காசியம்மாள் தேடுகிற கட்டுரைகளில் பாதி இன்னும் கிடைக்கவில்லையே. உட்காரவைத்து எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தாள். ரிசீவரை எப்படி அழுத்துவது, எந்த வாசலுக்கு எந்தப் பேர், கேள்வியை எப்படிச் சுருக்கிக் கேட்பது என்று ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில், "செவ்வாயும் வெள்ளியும் போயி சொல்லிட்டு வரணும், மறந்துடாதே" என்றும் சொன்னாள்.

அவன் மறக்கவில்லை. சைக்கிளில் போய்ப் பின்கதவில் நின்று, ராஜப்பன் தோளில் கை போட்டுக்கொண்டு டீக்கடைக்கும் போனான். வயிறு குலுங்கக் குலுங்க இரண்டு பேரும் சிரித்தார்கள். பெஞ்சில் கண்ணம்மாள் உட்கார்ந்திருந்தாள், பார்த்தாள். குழாயடியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாளா? அதே கதவு, அதே ராஜப்பன், அதே வேலை!

காசியம்மாளுக்கு மீதிக் கட்டுரைகளும் கிடைத்தன, அது ஒன்றுதான் நல்லது. சோதனை வருஷம் முடிந்தது. தேடல் நன்றாக நடந்திருக்கிறது என்று பல்கலைக்கழகம் லைனை நிரந்தரமாக்கியது. பத்திரிகையில் மிஷின் மேல் கை வைத்தபடி தீர்த்தகிரி படம் வந்தது. கரண்டு அடிக்கவில்லை போலிருக்கிறது. நிரந்தர வேலை சென்னப்பனுக்குக் கிடைத்தது. ஷகிலா பைண்டிங் ரூமில் பசை கலக்கிக்கொண்டிருந்தாள்.

சென்னப்பன்தான் ஒரு நாள் ஓடிவந்தான். "அக்கா, மெட்ராஸ் அம்மா ஒவ்வொரு தரமும் உங்களைத்தான் கேக்கறாங்க. என்னா ஆச்சுன்னு இன்னைக்கு எல்லாத்தையும் அடிச்சிட்டேன். அங்க ஒரு எடம் இருக்குதாம், ஒடனே வரச் சொல்றாங்க." சொல்லிவிட்டு அவளைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். ஷகிலா கையிலிருந்த பசையைக் கழுவினாள். அன்றைக்கே வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அப்துல் சுபான் தெருப் பேச்சு வந்த நாளிலிருந்து மகளோடு சரியாகப் பேசுவதில்லை. நம்பவில்லை என்று இல்லை. மண்டியில் நாலு பேர் தன்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்புவதைத் தாங்க முடியவில்லை. ஒரு தகப்பனை அப்படிக் குறுக வைத்ததற்கு இந்தத் தெருதான் பதில் சொல்ல வேண்டும். ரோஷன் பீ, "விடியக்காலை முதல் பஸ்ஸுக்குப் போயிடலாம். யாரும் எழுந்திருக்க மாட்டாங்க" என்றாள்.

"ஏம்மா, நான் திருடிட்டா போறேன்?" என்றாள் ஷகிலா. "குழாயில தண்ணி வர்ற நேரத்துக்குத்தான் போவேன்."

அப்படியேதான் போனாள். பொழுது நன்றாக ஏறின பிறகு, தெருவில் ஒரு குடம் வைக்கக்கூட இடம் இல்லாத நேரம். புதுச் சேலை கட்டியிருந்தாள். கையில் பெட்டி. ரோஷன் பீ பையை எடுத்துக்கொண்டு மொரப்பூர் ரயிலடி வரைக்கும் கூடப் போகத் தயாராக நின்றாள். அப்துல் சுபான் உள்ளே வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"போயிட்டு வரேன்ப்பா."

அவர் திரும்பவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார். ஷகிலா அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, செருப்பைப் போட்டாள்.

வாசல்படி இறங்கியதும் குழாயடியில் எல்லாத் தலையும் திரும்பியது. கண்ணம்மாள்தான் கேட்டாள். அவளால் கேட்காமல் இருக்க முடியாது.

"எங்க பாப்பா, பெட்டியோட?"

ஷகிலா பெட்டியைக் கீழே வைத்தாள். "மெட்ராசுக்கு ஆயா, வேலைக்கு. எந்த லைப்ரரி, எந்தத் தெரு, அங்க யாரு வூட்ல தங்கறேன், எல்லாத்தையும் சொல்றேன். நல்லா கேட்டுக்கிட்டு அப்புறமேட்டுக்குப் பேசுங்க."

நடு வெயிலில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நூலகத்தின் பேர் சொன்னாள். பெரியம்மா வீட்டுத் தெரு சொன்னாள். எதிரில் இருக்கிற மருந்துக் கடையையும் அடையாளம் சொன்னாள். "இன்னும் எதுனா கேக்கணுமா ஆயா?" என்றாள். கண்ணம்மாள் பாதிகூட நிறையாத குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரோஷன் பீ பையோடு பின்னால் வர, ஷகிலா பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.